கைவிடப்பட்ட கருவிகளின் இசை

மின்னணு இசையின் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வருவது. இன்று அதைக் கேட்பவர்களிடம் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழு 2012ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தன் எட்டு இசைத்தொகுப்புகளை எட்டு நிகழ்ச்சிகளாக நிகழ்த்தியது. அருங்காட்சியகத்துக்குள் சென்றுவிட்ட ஒரு கலை இன்னும் வெளியே உயிரோடு இருக்கிறதா என்ற ஐயம் இயல்பானதே. சிகாகோவில் 'ஹவுஸ்' இசைக்கு வித்திட்ட ஃப்ராங்கி நக்கிள்ஸ் 2014ல் மறைந்தார். க்ராஃப்ட்வெர்க்கை நிறுவிய இருவரில் ஒருவரான ஃப்ளோரியன் ஷ்னைடர் 2020ல் மறைந்தார். டாஃப்ட் பங்க் இரட்டையர் 2021ல் பிரிந்தனர். 2024 மார்ச்சில் ஜெர்மனி, தன் நாட்டின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் பெர்லினின் டெக்னோவையும் சேர்த்துக்கொண்டது. ஓர் அரசு 'மரபு' என்று முத்திரையிடும் கலைக்கு இளைஞர்கள் மிச்சமிருப்பார்களா?

இந்தக் கேள்விக்கு விற்பனைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு விடை சொல்ல முயல்பவர்கள் உண்டு. அவற்றைவிட, இந்த இசை ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு எவ்வாறு சென்றது என்ற வரலாறே நமக்குத் தெளிவான விடையைத் தரும் என்று தோன்றுகிறது. அந்த வரலாறு விசித்திரமானது. இங்கே இசை குருவிடமிருந்து சீடருக்குச் சென்றதைவிட, பழைய பொருள் கடைகளின் வழியாகச் சென்றதே அதிகம்.

*

தொடக்கத்தில் இது இளைஞர்களின் இசையே அல்ல. 1948ல் பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர், ரயில்களின் ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றைத் தொகுத்து ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். 1951ல் கொலோன் நகரின் வானொலி நிலையத்தில் மின்னணு இசைக்கென ஒரு கூடம் நிறுவப்பட்டது. கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹௌசன் அங்குதான் பணிபுரிந்தார். 1958ல் பிபிசி தன் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கியது. அங்கே 1963ல் டெலியா டெர்பிஷயர், 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கினார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டு, அளந்து வெட்டப்பட்டு, சேர்க்கப்பட்டது. இவை யாவும் அரசின் பணத்தில், அரசின் கட்டடங்களில், வெள்ளை மேலங்கி அணிந்தவர்களின் ஆய்வுக்கூடங்களைப் போல நடந்த காரியங்கள்.

இந்தியாவும் இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பதை அண்மைக்காலத்தில்தான் அறிந்தோம். 1969ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர், அகமதாபாதின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலானோர் அதில் சோதனைகள் செய்தனர். சில ஆண்டுகளில் முயற்சி நின்றுபோனது. ஒலிநாடாக்கள் ஆவணக்காப்பகத்தில் உறங்கின. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2017ல் அவற்றைக் கண்டெடுத்தார். 2023ல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்த இசைக்கு ஒரு வாரிசுகூட உருவாகவில்லை. கருவி இருந்தது, திறமை இருந்தது, ஆர்வமும் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தின் கதவு தெருவை நோக்கித் திறக்கவில்லை.

ராபர்ட் மூக் 1964ல் தன் சிந்தசைசரை அறிமுகப்படுத்திய பிறகும், வெண்டி கார்லோஸ் 1968ல் அதைக்கொண்டு பாக்கின் இசையை வாசித்து லட்சக்கணக்கானோரைக் கேட்கவைத்த பிறகும், கருவி சாதாரண மனிதர்களின் கைக்கு எட்டாத விலையிலேயே இருந்தது. அதைக் கீழே இறக்கியவை ஜப்பானிய நிறுவனங்கள். அதுவும் பாதி தற்செயலாக, பாதி தோல்வியால்.

*

இகுதாரோ ககேஹாஷி 1972ல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1980ல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த அமெரிக்கத் தயாரிப்பான லின் எல்எம்-1, மெய்யான டிரம்ஸின் ஒலிப்பதிவுகளைத் தன்னுள் கொண்டிருந்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808ன் விலையோ 1,195 டாலர்தான். ஆனால் அது டிரம்ஸைப் போல ஒலிக்கவே இல்லை. அதன் சீறலுக்குத் தரச்சோதனையில் ஒதுக்கப்பட்ட பழுதான டிரான்சிஸ்டர்களே காரணம் என்று ககேஹாஷி பின்னாளில் கூறினார். குறைக்கடத்தித் தொழில்நுட்பம் மேம்பட்டு, பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதானபோது 808ன் உற்பத்தியும் நின்றது. 1983 வரை ஏறத்தாழ 12,000 கருவிகள் மட்டுமே செய்யப்பட்டன.

இதன் தம்பியாக வந்தது டிபி-303. தனியே பயிற்சி செய்யும் கிடார் கலைஞர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் கிடாரின் வேலையைச் செய்வதற்காக இது உருவாக்கப்பட்டது. அந்த வேலையைக்கூட அது சரியாகச் செய்யவில்லை. பேஸ் கிடாரைப் போல ஒலிக்கவில்லை, சுரங்களைப் பதியும் முறையும் குழப்பமானது. 1984க்குள் உற்பத்தி நிறுத்தப்பட்டு, எஞ்சியவை மலிவு விலைக்குத் தள்ளப்பட்டன. தொழில்முறைக் கலைஞர்கள் ஒதுக்கிய இவ்விரு கருவிகளும் அமெரிக்க நகரங்களின் பழைய பொருள் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தன.

சிகாகோவில் டிஜே பியரும் அவருடைய இரு நண்பர்களும் அப்படியொரு 303ஐக் கைப்பற்றினர். அவர்களுக்கு அதை இயக்கும் முறை தெரியாது. ஒரு சுர வரிசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, பியர் அதன் திருகுகளைத் திருகினார். ஒலி நெளிந்தது, கூவியது, கொதித்தது. கருவியை வடிவமைத்தவர்கள் நினைத்தும் பார்த்திராத ஒலி அது. ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் 1987ல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' ஒரு புதிய இசைவகைக்கே பெயர் கொடுத்தது.

ஆனால் இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒலி பிறந்தது ஒரு வீட்டில். அது இசையானது வேறோர் இடத்தில். மியூசிக் பாக்ஸ் என்ற நடனக்கூடத்தில் ரான் ஹார்டி என்ற டிஜே அதை முதன்முறை ஒலிக்கவிட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிப்போனார்களாம். அதே இரவில் அவர் மீண்டும் ஒலிக்கவிட்டார், பிறகு மீண்டும். நான்காம் முறை கூடமே வெறிகொண்டு ஆடியது என்று அதை உருவாக்கியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். புதிய ஒலி ஒன்று காதுக்குப் பழகுவதற்கு அவகாசம் தேவை. ஒரே இரவில் நான்கு முறை ஒன்றை ஒலிக்கவிடும் பொறுமையும் துணிவும் உடைய ஒரு கூடம் தேவை. சந்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

*

இதை மெய்ப்பிப்பதுபோல மும்பையில் ஏற்கனவே ஒன்று நடந்திருந்தது. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982ல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். சிங்கப்பூர் சென்றிருந்தபோது அவர் வாங்கிய கருவிகளே அதில் ஒலித்தன: ஒரு ஜூபிடர்-8, ஒரு டிஆர்-808, ஒரு டிபி-303. பைரவ், லலித், பூபாளி என இந்துஸ்தானி ராகங்களை அவர் அக்கருவிகளில் வாசித்தார். ராகத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிச் செல்லும் அசைவுக்கு 303ன் குழைவான ஒலி பொருந்திவந்தது. இன்று அதைக் கேட்பவர் எவரும் சிகாகோவின் ஆசிட் ஹவுஸை நினைக்காமலிருக்க முடியாது. ஆனால் அது 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு பதிவானது.

இசைத்தட்டு விற்கவில்லை. யாரும் அதைப் பின்தொடரவும் இல்லை. சிகாகோ இளைஞர்களிடம் இருந்து மும்பையின் முதிர்ந்த கலைஞரிடம் இல்லாமற்போனது என்ன? கருவிகள் ஒன்றே. இசையறிவில் சரண்ஜித் பலபடி மேலானவர். அவருக்கு இல்லாதது ரான் ஹார்டியின் கூடம். அந்த இசைத்தட்டை நான்கு முறை கேட்டு ஆடுவதற்கு ஒரு கூட்டம் மும்பையில் அன்று ஒன்றுகூடவில்லை.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததும் இதை ஒட்டியதே. 1986ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் இளையராஜா மின்னணு ஒலிகளைத் தாராளமாகக் கையாண்டார். 1992ல் 'ரோஜா'வுடன் ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு அவை நம் அன்றாட ஒலிகளாயின. ஆனால் அவை நம்மை வந்தடைந்தது திரையரங்கின் வழியாகவும் வானொலியின் வழியாகவும்தான். ஒலி திரைப்பாடலுக்குள் கரைந்தது. மின்னணு இசை என்ற தனித்த மரபாக அது இங்கே திரளவில்லை. கேட்கப்படுவதும் வளர்வதும் ஒன்றல்ல என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது.

*

சிகாகோவில் அந்தக் கூடங்கள் எப்படித் தோன்றின? 1977ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ், வேர்ஹவுஸ் என்ற இடத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றத் தொடங்கினார். பெயருக்கேற்ப அது ஒரு பழைய கட்டடம். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான தன்பாலீர்ப்பு இளைஞர்கள். நகரின் மற்ற வாசல்கள் அவர்களுக்கு மூடியிருந்தன. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகள் ஒரு பெட்டியில் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டாம் ஆட்டம் கைவிடப்பட்டது. அன்று அங்கே ஊழியராக இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், மக்கள் கொண்டுவந்து குவித்தவற்றில் டிஸ்கோ அல்லாத கறுப்பின இசைத்தட்டுகளும் நிறைய இருந்ததைக் கவனித்தார். டிஸ்கோ செத்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1984ல், அதே வின்ஸ் லாரன்ஸ் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து எழுதிய 'ஆன் அண்ட் ஆன்' வெளிவந்தது. முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுவது அதையே.

டெட்ராய்ட்டின் கதையும் இத்தகையதே. மோட்டார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த நகரம் அது. அதன் புறநகரான பெல்வில்லில் ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்ஸன் மூவரும் க்ராஃப்ட்வெர்க்கின் இசையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள். 1988ல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு அவர்களுடைய இசைக்கு டெக்னோ என்ற பெயரை உலகெங்கும் நிலைநிறுத்தியது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தபோது கிழக்கு பெர்லினில் உரிமையாளர் யாரென்று தெரியாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் 1991 மார்ச்சில் ட்ரெசோர் என்ற நடனக்கூடம் திறக்கப்பட்டது. துருப்பிடித்த பெட்டகக் கதவுகளுக்கு நடுவே கிழக்கு ஜெர்மனி இளைஞர்களும் மேற்கு ஜெர்மனி இளைஞர்களும் டெட்ராய்ட்டின் இசைக்கு ஆடினார்கள். ஒரு நகரம் கைவிட்ட கட்டடத்தில், இன்னொரு நகரத்தின் கைவிடப்பட்ட கருவிகளில் பிறந்த இசை.

இங்கிலாந்தில் இதே இசை வயல்வெளிகளுக்குச் சென்றது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் பல்லாயிரம் பேர் பல நாட்கள் கூடி ஆடியதைக் கண்டு அரசு அஞ்சியது. 1994ல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதிச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட இசைக்காகத் திறந்தவெளியில் கூடுவதைக் காவல்துறை கலைக்கலாம் என்றது. ஒரு தாள அமைப்பைச் சட்டத்தின் சொற்களில் வரையறுத்த விந்தை அது. ஆட்டெகர் என்ற இரட்டையர் அதற்கு மறுமொழியாக, தாள அடிகள் எந்த இடத்திலும் ஒன்றுபோல் திரும்பாத ஒரு படைப்பை அதே ஆண்டில் வெளியிட்டனர்.

*

இதன் பிறகு மின்னணு இசைக்குப் பலமுறை இரங்கற்பா பாடப்பட்டது. 1989ல் ஏறத்தாழ 150 பேருடன் பெர்லினில் தொடங்கிய 'லவ் பரேட்' ஊர்வலம், 1999ல் பதினைந்து லட்சம் பேரை எட்டியதாக அமைப்பாளர்கள் கூறினர். 2010ல் டூயிஸ்பர்க்கில் அதே விழாவின் நெரிசலில் 21 பேர் உயிரிழந்தனர். விழா நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2012க்குப் பின் பெருவிழாக்களை விலைக்கு வாங்கிக் குவித்த எஸ்எஃப்எக்ஸ் நிறுவனம், 2013ல் பங்குச்சந்தையில் நுழைந்து, 2016ல் திவாலானது. குமிழி உடைந்தது, இசையும் முடிந்தது என்றனர் பலர்.

முடிந்தது முதலீடு. இசை அப்போது வேறிடத்தில் இருந்தது. 1990களின் பிற்பாதியிலிருந்து 303, 808 போன்ற கருவிகளின் ஒலிகள் கணினி மென்பொருளாகக் கிடைக்கத் தொடங்கின. பெல்ஜியத்தில் உருவான ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற மென்பொருள், பழைய பொருள் கடையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நகலெடுத்துக் கைமாறிய அந்த மென்பொருளில் தெற்கு லண்டனின் க்ராய்டனில் பள்ளி மாணவர்களான ஸ்க்ரீமும் பெங்காவும் டப்ஸ்டெப்பை உருவாக்கிக்கொண்டிருந்தனர். கிழக்கு லண்டனின் அடுக்குமாடிகளிலிருந்து உரிமமற்ற வானொலிகள் வழியே கிரைம் இசை ஒலித்தது. அதிலிருந்து வந்த டிஸ்ஸி ராஸ்கல் 2003ல், இருபது வயதை எட்டும் முன்பே, மெர்க்குரி பரிசைப் பெற்றார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஷேர் டாக்ஸிகளே வானொலியாகி க்கோம் என்ற இசையைப் பரப்பின. பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க் குடியிருப்புகளில் பிறந்த அமாபியானோவின் அதிரும் 'லாக் ட்ரம்' ஒலி, அதே மென்பொருளோடு சேர்ந்துவரும் ஓர் எளிய கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. வல்லுநர்கள் பொருட்படுத்தாத ஒன்றை இளைஞர்கள் எடுத்துத் திருகிப் பார்க்கும் அந்தப் பழைய கதையே மீண்டும் நடந்தது.

ஆகவே இளைஞர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை எளிது. 2022ல் பியான்சே வெளியிட்ட 'ரெனசான்ஸ்' சிகாகோ ஹவுஸுக்கும் அதை ஈன்ற கூடங்களுக்கும் செய்த அஞ்சலி. 2024ல் சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'ப்ராட்' தொகுப்பு, காலின்ஸ் அகராதி அந்தச் சொல்லையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பரவியது. 808ன் அடிநாதம் இல்லாத ராப் பாடலை இன்று தேடித்தான் பிடிக்கவேண்டும். செவிகளுக்குப் பஞ்சமில்லை.

கருவிகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் அடகுக் கடையில் கிடந்த அசல் 303 இன்று சேகரிப்பாளர்களிடையே ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு விலைபோகிறது என்றாலும், அதன் நகல் ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருக்கிறது.

பஞ்சம் இடத்துக்குத்தான். பிரிட்டனில் 2005ல் 3,144 இரவு நடனக்கூடங்கள் இருந்தன. 2015ல் அவை 1,733ஆகக் குறைந்துவிட்டன என்று அத்தொழிலின் அமைப்பு கணக்கிட்டது. பெர்லினில் 2005ல் ட்ரெசோரின் நிலம் அலுவலகக் கட்டடத்துக்காக விற்கப்பட்டது. அது 2007ல் ஒரு பழைய மின்நிலையத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லோருக்கும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. நடனக்கூடங்களைப் பண்பாட்டு இடங்களாகக் கருதவேண்டும் என்று ஜெர்மனியின் நாடாளுமன்றம் 2021ல் தீர்மானம் நிறைவேற்றியது. 2024ல் டெக்னோ மரபுப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டின் இறுதியில், இருபத்திரண்டு ஆண்டுகள் இயங்கிய வாட்டர்கேட் என்ற புகழ்பெற்ற கூடம் கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது. இந்த இசை யாருமற்ற கட்டடங்களில் வளர்ந்தது. இசை வந்ததால் நகரப்பகுதி புகழடைந்தது, புகழால் வாடகை ஏறியது, வாடகை இசையை வெளியேற்றியது.

இனி வரும் இளைஞர் தன் அறையில் ஒரு புதிய ஒலியைக் கண்டடைவார் என்பதில் ஐயமில்லை. அதை உலகமே கேட்கும்படி ஒரு நொடியில் அனுப்பிவிடவும் அவரால் முடியும். முதன்முறை கேட்பவர்கள் சில விநாடிகளில் கடந்துபோவார்கள். முதலில் விலகிப்போனவர்களுக்கு அதே இரவில் நான்காம் முறையும் ஒலிக்கவிடும் கூடம் அவருக்கு வாய்க்குமா என்பதே கேள்வி. தேயும் அபாயம் உள்ளது அதுதான். அது இசை விமர்சகர்களின் கையில் இல்லை, நகராட்சிகளின் கையிலும் நில உரிமையாளர்களின் கையிலும் இருக்கிறது.

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டை எடோ பவுமன் என்ற டச்சுச் சேகரிப்பாளர் 2002ல் டெல்லியில் கண்டெடுத்து, 2010ல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1982ல் இப்படியொரு இசை சாத்தியமில்லை, இது யாரோ செய்த மோசடி என்று சிலர் ஐயுற்றனர். அந்த ஐயமே அவருக்குக் கிடைத்த பாராட்டு எனலாம். எழுபது வயதைக் கடந்த பிறகு சரண்ஜித் ஐரோப்பாவின் மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். அவர் அதைப் பதிவு செய்த ஆண்டில் பிறந்தேயிராத இளைஞர்கள் அதற்கு ஆடினார்கள். முப்பது ஆண்டுகள் தாமதமாக அவருக்கு ஒரு கூடம் கிடைத்தது. 2015ல் அவர் காலமானார்.